ஒருத்தி மட்டும் படித்த குறிப்பு

எங்கள் நூலகத்தில் ஏசி நன்றாக வேலை செய்யும். இந்த ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கென்று ஒரு நூலகம் இருப்பது பாதிப் பேருக்குத் தெரிந்ததே அதனால்தான். பயிற்சி டாக்டர்கள் வந்து மேஜையில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். சிலர் போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டுப் போவார்கள். கணக்குப் பிரிவு அம்மாள் ஒருவர் தினமும் மதியம் வந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டி உட்காருவார். நான் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்தவன் நான்.

விசாரணை அறிக்கையை எழுதி முடித்த பிறகு இவன் எதற்கு வந்து நிற்கிறான் என்று உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. நீட்டி முழக்க மாட்டேன்.

திங்கட்கிழமைதோறும் நான் ஒரு செய்தித்தாள் தயாரிப்பேன். ஒரே பக்கம். புதிதாக வந்த புத்தகங்கள், பத்திரிகைகள், வெளியில் நடந்த ஆய்வுகள். ஒவ்வோர் ஆய்வையும் முழுதாகப் படித்து, யாருக்கும் புரிகிற மாதிரி இரண்டு மூன்று வரியில் எழுதுவேன். அச்செடுத்து, பழையதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வார்டுப் பலகையிலும் நானே குத்திவிட்டு வருவேன். ஒருமுறை கண் வார்டில் தெரியாமல் தலைகீழாகக் குத்திவிட்டேன். வாரம் முழுக்க அது தலைகீழாகவே தொங்கியது.

"செவிடன் காதுல சங்கு ஊதறதுக்கு உங்களுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க," என்பாள் என் மனைவி. வேடிக்கையாகத்தான் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

போன வருடக் கடைசியில் நிர்வாக அதிகாரி கூப்பிட்டு, அந்த அறையை ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் இடமாக மாற்றப்போவதாகச் சொன்னார். "இப்பல்லாம் யார் சார் லைப்ரரிக்கு வர்றாங்க? எல்லாம்தான் போன்லயே இருக்கே." அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரத் தாளில்தான் அந்தக் குறிப்பை எழுதினேன். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவர்களை அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி, ரத்த அழுத்தம் பார்க்கத் தேவையில்லை, தடைபடாத தூக்கமே உடம்பைத் தேற்றும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று பல ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு சொல்கிறது. இதுதான் குறிப்பு. அப்படி ஓர் ஆய்வு எங்கும் நடக்கவில்லை.

யாராவது ஒரு டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "யாருய்யா இதை எழுதினது?" என்று சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்புக் கேட்டு, தாளை மாற்றிவிடலாம் என்றிருந்தேன். ஒரு சண்டைக்காகத்தான் காத்திருந்தேன், ஐயா. அதற்கும் ஆள் வரவில்லை.

வந்தது ஆபரேஷன் வார்டுப் பொறுப்பு நர்ஸ். என்னை லைப்ரரி அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருந்தவள். கையில் ஓர் ஆப்பிளோடு வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தத் தூக்க விஷயம் போட்டிருந்தீங்கல்ல, ரொம்ப உதவியா இருக்கு. பெரிய டாக்டர்கிட்டக் கேட்டேன். லைப்ரரி போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும், அப்படியே செய்ங்கன்னுட்டார். இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட முடியுது."

"நீ அதெல்லாம் படிப்பியாம்மா?"

"ஒரு வாரம் விட மாட்டேன் அண்ணா. நீங்க எழுதினாத்தான் எனக்குப் புரியுது."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவள் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். "சந்தோஷம்மா," என்றேன். இதைப் பற்றி இன்னும் ஏதாவது வந்தால் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம், அதே குறிப்பைத் திரும்பப் போட்டு, அந்த ஆய்வின் தொடர்ச்சி என்று இன்னும் இரண்டு வரி எழுதினேன். ஆசையாகக் கேட்டவளுக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

உங்கள் விசாரணைக்குக் காரணமான அந்தத் தையல்காரம்மாளை நானும் பார்த்தேன். இது உங்கள் அறிக்கையில் இல்லை. அன்று திங்கட்கிழமை. தாள் மாற்ற வார்டுக்குப் போயிருந்தேன். காலையில்தான் அந்த அம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தது. பலகைக்குப் பக்கத்துக் கட்டில். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. மகள் ஒரு துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்கறாங்க சார். எழுப்ப வேண்டாம்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க," என்றாள் என்னிடம், மெதுவான குரலில்.

என் தொழில் புத்தகம் என்றாலும், அந்த வெளுப்பு என்னவென்று எனக்குத் தெரியும். உள்ளே ரத்தம் கசிந்தால் எப்படியிருக்கும் என்று பல முறை படித்திருக்கிறேன். நர்ஸ் கூப்பிடு தூரத்தில் மருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் பழைய தாளைக் கழற்றப் போனபோது, என் வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன். அடிக்கோல் வைத்து, நேராக. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வெளியே வந்தேன். அந்த அம்மாள் சாயங்காலத்துக்குள் இறந்துபோனார்.

மற்றது சுலபமாக முடிந்தது. நூலகத்தில் சேர்த்து வைத்திருந்த தாள்களின் பிரதிகளில் அந்தக் குறிப்புகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கை கழுவுவதைப் பற்றி எழுதி வைத்தேன். பெரிய டாக்டர் தனக்கு எதுவும் நினைவில்லை என்றார். என் பிரதிகளைப் பார்த்து, ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள் என்று நீங்களே பாராட்டினீர்கள்.

அந்த நர்ஸ் என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணா, அந்த ஆய்வை மட்டும் தேடிக் குடுங்க. அதைக் காட்டினாப் போதும். நான் பிழைச்சுக்குவேன்."

அவளோடு சேர்ந்து தேடினேன். ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து, மதியம் முழுக்க, அலுக்காமல் தேடினேன். கடைசியில், "வேற எங்கயாவது படிச்சிருப்பியோ என்னமோம்மா," என்றேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கும் அண்ணா. சரியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு. எனக்கே எதுவும் நிச்சயமாத் தெரியல."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மனதை விட்டுவிடாதே என்று தைரியம் சொல்லி, வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவளுக்கு வேலை போய்விட்டது. போலீஸ் வழக்கும் வரும் என்கிறார்கள். நூலகத்தையும் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நேற்று உங்கள் அறிக்கையைப் படித்தேன். வரி விடாமல் படித்தேன். 'அப்படி ஒரு குறிப்பு எழுதப்படவே இல்லை, வேலைப் பளுவால் அந்தச் செவிலியர் தாமாகக் கற்பனை செய்துகொண்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பெண்ணின் மேல் பழி விழுந்துவிட்டதே என்ற வருத்தம்தான், வேறொன்றும் இல்லை.

இதோ அந்தத் தாள். எழுதியது நான். பொய் என்று தெரிந்தே எழுதினேன். ஓர் உயிர் போவதைப் பார்த்த பிறகும் வாய் திறக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அறிக்கையைத் திருத்தும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்தக் குறிப்பு படிப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராதபடி, மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.