மூலைச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றாத மாமி

"ரெண்டு கிழமையாத் தண்ணி குடுக்கேல்லை, மாமி. ஆனா ஒருத்தரும் சாகேல்லை."

உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பேருந்தில் ஏறியிருந்த அறுபத்திரண்டு பேரையும் எண்ணிவிட்டு, இந்தப் பாரத்தை டயர் தாங்குமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது இது காதில் விழுந்தது. முன் இருக்கையில் கம்பஸில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பிள்ளை, மடியில் ஐஸ் பெட்டி. பக்கத்தில் அவளுடைய மாமி. இரண்டு வாரம் தண்ணீரில்லாமலும் சாகாதவை மாமி வீட்டில் சட்டிகளில் வளர்த்த நெற்பயிர்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இலையெல்லாம் ஐஸில கிடக்கு. வறட்சியில முழிக்கிற மரபணு இதில முழிச்சிருக்கும். என்ர ஆராய்ச்சி சரிவந்திட்டுது, மாமி."

மாமி சேலைத் தலைப்பைத் திருகினார்.

"கோவிக்காதை பிள்ளை. ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில சட்டிக்கு ஒரு செம்பு ஊத்தினனான்."

"ஐயோ மாமி, ஒரு வருச வேலை."

"வயல் செய்யிற வீட்டில பயிர் வாடி நிக்க நான் எப்பிடிச் சோறு தின்னுறது? மூலைச் சட்டிக்கு மட்டும் ஊத்தேல்லை. அதுக்குப் பக்கத்தில கட்டியிருக்கிற குட்டி போட்ட நாய் கிட்ட விடேல்லை."

"மூலைச் சட்டிக்கோ? நாய்க்குப் பிஸ்கட் போட்டெல்லோ அதில இலை வெட்டினனான். தண்ணியில்லாமலே அதுதான் மாமி நல்ல பச்சையா நிண்டது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பெட்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள்.

"ஆய்வறிக்கையில முதல் நன்றி உங்கட நாய்க்குத்தான்."

"அப்ப எனக்கு?"

"அடுத்த முறை நாயை அவிட்டு விட்டிட்டு உங்களைக் கட்டி வைக்கிறன்."