மண்ணும் சுவரும் தின்கிற பசி

இல்ல நர்ஸக்கா, சோறு நல்லாத்தான் சாப்பிடுவா. தட்டுல போட்டா வழிச்சு நக்கிட்டுத்தான் எந்திரிப்பா. மூணு வயசுக்கு அது போதும்னுதான் நெனச்சேன். நீங்க விரல்ல குத்திப் பாத்துட்டு ரத்தம் எட்டுதான் இருக்குன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பதினொண்ணு இருக்கணுமா? வயிறு நெறஞ்சா ரத்தம் தானா ஊறும்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.

அந்தக் கதவக் கொஞ்சம் சாத்திக்கட்டுமா? வரிசையில இருக்கறவங்க காதெல்லாம் இங்கதான் இருக்கு. எனக்கு நாலு பேர் முன்னாடி வாயே தெறக்காது.

வேற என்ன திங்கறான்னு கேட்டீங்கல்ல. மண்ணு. சொல்லவே கூசுது. மாடிப்படிக்குக் கீழ பக்கத்து வீட்டுக்காரங்க நாலு செடிச் சட்டி வச்சிருக்காங்க. தெருப்பூனை வந்து வெளிக்கு இருந்துட்டு மண்ணத் தள்ளி மூடி வச்சிட்டுப் போற சட்டி. அதுலதான் இவ விரல விட்டுத் தோண்டி... உவ்வே. ஒருநாள் வாயத் தெறந்து பாக்கறேன், பல்லிடுக்கு பூரா கருப்பு. நாக்குல ஒரு புழு. செத்ததா உயிரோடயான்னுகூடப் பாக்கல, விரலாலயே வழிச்சுப் போட்டேன். மூணு வாட்டி சோப்பு போட்டும் அந்தக் கையால அன்னைக்கு என்னால சாப்பிட முடியல.

அது கெட்ட பழக்கம் இல்லையா? இரும்பு கொறஞ்சா அப்படித்தான் ஆசை வருமா? உடம்பு என்னமோ கேக்குது, என்ன கேக்குதுன்னு வாய்க்குத் தெரியல, கண்டதையும் அள்ளிப் போட்டுக்குது. அப்படித்தானே? எங்க வீட்ல அதுக்குத் திமிருன்னு பேரு.

போன வாட்டி குடுத்த மருந்தா? ஒருநாள் விடாம குடுத்தேன்க்கா. ஆனா அது என்ன வாடை! துருப்பிடிச்ச தகரத்த ஊற வச்சு வடிகட்டின மாதிரி. துப்பித் துப்பி சட்டையெல்லாம் கறை. என் மூஞ்சியிலயே ரெண்டு தடவ துப்பிட்டா. அதான் டீயில கலந்து குடுத்தேன். பால் விட்டு, சர்க்கரை தூக்கலா. மடக்குமடக்குன்னு குடிச்சிட்டா, நானும் பெரிய கெட்டிக்காரின்னு... ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க?

டீ இரும்ப உடம்புல ஒட்ட விடாதா? பாலும் சேந்தா இன்னும் மோசமா?

அட கடவுளே. அப்ப மூணு மாசமா நான் குடுத்ததெல்லாம் முக்காவாசி அப்படியே வெளியதான் போச்சா. தெனம் கருங்கருன்னு போவா, அதக் கழுவறப்பெல்லாம் எனக்குக் குமட்டும். மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லிச் சொல்லிக் கழுவினேன். ஒரு வார்த்தை, டீயில கலக்காதேன்னு சொல்லியிருக்கலாமேக்கா. இல்லல்ல, உங்களச் சொல்லல. நானும் கேக்கல. கேக்கறதுக்கு வாய் வரணுமே.

சுவத்துல ஒட்டியிருக்கற அந்தப் படத்த நீங்க வர்றதுக்குள்ள எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன். அஞ்சாவது வரைக்கும் போயிருக்கேன்ல. புரதம், உடம்பு வளர. சுண்ணாம்புச் சத்து, எலும்புக்கும் பல்லுக்கும். இரும்பு, ரத்தத்துக்கு. கீழ முட்டை, ஈரல், பருப்பு, கீரைன்னு வரஞ்சு, ஒரு பொம்பளை பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறா. அவளுக்கென்ன. அதெல்லாம் நானும் தெனம் பாக்கறதுதான், எச்சித் தட்டுல. ஹோட்டல்ல தட்டு கழுவறேன். மஞ்சக்கருவு மேல சிகரெட்ட நசுக்கி வச்சிருப்பாங்க. பாதி கடிச்ச ஈரல்ல பல்லு குத்தின குச்சிய சொருகிட்டுப் போவாங்க. எல்லாத்தையும் வழிச்சுப் போட்டா வாளியில ஊறி, நுரை கட்டி, மேல ஒரு ஆடை படியும். நீங்க சத்து சத்துன்னு சொல்றதெல்லாம் அந்த வாளியிலதான் இருக்கு.

வீட்லயா? முட்டை ரெண்டு வாங்குவோம். ஒண்ணு இவ அப்பாவுக்கு, மூட்டை தூக்கற உடம்பு. ஒண்ணு அத்தைக்கு, அவரப் பெத்தவங்களுக்கு. அவரு மனசு நல்லாருந்தா குட்டிக்கு ஒரு வாய் ஊட்டுவாரு. எனக்கா? எனக்கு முட்டை நாத்தமே ஆகாதுன்னு கல்யாணமான புதுசுலயே சொல்லி வச்சிட்டேன். பிடிக்கும்க்கா. சொல்லிட்டேன், இனிமே எப்படி மாத்தறது.

இவ கையில இருக்கற தடமா? அது ஒண்ணுமில்ல. துணிதான், கயிறு இல்ல.

இவ அப்பாதான் கட்டினாரு. மூணு நாளாச்சு. வீட்டுக்காரம்மா வாடகை வாங்க வந்தவங்க கட்டிலுக்குப் பின்னாடி எட்டிப் பாத்துட்டாங்க. சுவத்துல தட்டு அகலத்துக்குப் பூச்சு இல்ல, செங்கல் தெரியுது. என்ன எலியா வளக்கறீங்கன்னு ஒரே சத்தம். எங்க அத்தைக்குக் கேக்கணுமா? சட்டி மண்ணு பத்தாம வீட்டையே திங்க ஆரம்பிச்சிட்டாளா உன் மக, உன் வயித்துல பொறந்தது வேற எப்படி இருக்கும்னு ஆரம்பிச்சிட்டாங்க. அவரு இவளுக்கு ரெண்டு அடி வச்சாரு. காலையில நான் வேலைக்குக் கெளம்பறப்ப கட்டினா, சாயங்காலம் நான் வந்துதான் அவுக்கறேன். மூக்கு ஒழுகி வாய்க்குள்ள போயிருக்கும், ஈ உக்காந்திருக்கும், ஓட்டக்கூட முடியாம என்னையே பாப்பா. அதப் பாத்து நான் என்ன கிழிச்சேன்? ஒண்ணும் சொல்லல. மூஞ்சியத் தொடச்சு விட்டேன். தூ, நானெல்லாம்...

சீட்டுல எழுதுங்கக்கா, சரி. மருந்து வெறும் வயித்துல. எலுமிச்சம்பழச் சாறுல கலந்தா நல்லா ஒட்டுமா? கீரை மேலயும் பிழியலாமா? சரி. டீ கிட்டயே போகக் கூடாது. ஆளுக்கொரு முட்டை. அத நீங்களே எழுதிடுங்க, நான் சொன்னா எடுபடாது.

கையக் கட்டக் கூடாதுன்னு எழுதினா கேப்பாரா? தெரியலயே. படிக்கத் தெரியும் அவருக்கு. ஆனா அப்ப சுவரு என்ன ஆகும்னு கேப்பாரு.

மிளகாத்தூளா? அதையும் பண்ணிப் பாத்தாச்சு. நேத்து அத்தை எண்ணெயில குழைச்சு அந்த ஓட்டையச் சுத்திப் பூசிட்டாங்க, யாருகிட்டயும் சொல்லாம. எரிஞ்சுதுக்கா. ஒதடு, நாக்கு, தொண்டை வரைக்கும். கொடத்துத் தண்ணிய அப்படியே கவுத்துக்கிட்டும் அடங்கல.

இவளுக்கு இல்லக்கா. இவதான் கை கட்டிக் கெடந்தாளே.

எனக்கு, இவ வயித்துல இருக்கறப்ப ஆரம்பிச்சது. மழைத்தண்ணி எறங்கினா அந்தச் சுவரு ஒரு வாசம் வரும், எச்சி ஊறிடும். நகத்தால பேத்து ஒரு வாய் போட்டாத்தான் அடங்கும். பல்லுல நறநறன்னும், எனக்கே அருவருப்பா இருக்கும், திரும்பக் கை போகும். மண்ணு தின்னது இவதான், அது இவ சீட்டுலயே இருக்கட்டும். சுவருக்கு என் பேருல ஒரு சீட்டு போடுங்கக்கா. அவரு படிக்கற மாதிரி, பெருசா.