ஒரே நாளில் எடுத்த படங்கள்

— காஸ் போம்போலா மாத்தியாச்சோ எண்டு கேட்டார். காஸ் முடிஞ்சால் கீழ்வீட்டு மாட்டியாவைக் கூப்பிடு, நீ தூக்காதை எண்டார். சரி வைக்கிறன் எண்டார். என்ரை மனிசன்ரை குரலை நான் கடைசியாக் கேட்டது அதுதான், தம்பி. பிறகு வந்தது முழுக்கப் படம்.

— அக்கா, கொஞ்சம் நிழல்ல நின்னு பேசலாமா? கப்பல்ல இருந்து இறங்கி அப்படியே நடந்து வந்துட்டேன்.

— இதிலையே நில்லுங்கோ. இந்த வியா மக்வேதா ரோட்டிலை எந்த நேரமும் சனம். அதுக்குத்தான் இஞ்சை வரச்சொன்னனான். அங்கை ஐஸ்கிரீம் கடை வாசலிலை சிவத்தத் தொப்பியோடை ஒருத்தன் நிக்கிறான், பாருங்கோ. றஞ்சித், எங்கடை ஆக்களிலை ஒரு பெடியன். நான் கையைக் காட்டினால் ஓடி வருவான்.

— என்னைப் பாத்தா அப்படியாக்கா தெரியுது?

— எனக்கு உங்களைத் தெரியாது. போன் எடுத்து, பேர் தேவேந்திரன் எண்டியள். கோலாலம்பூரிலை வான் ஓடி ஊர் சுத்திக் காட்டுறன் எண்டியள். என்ரை மனிசன்ரை போன் என்னட்டை இருக்கு எண்டியள். இதிலை நான் எதை நம்புறது?

— எல்லாமே உண்மைக்கா. எங்க கம்பெனி ஐரோப்பாவுக்கு ஆளுங்கள அனுப்பும்போது கூட ஒருத்தர் போகணும். இந்தக் கப்பல் இத்தாலி போய் பலேர்மோவுல ஒரு நாள் நிக்குதுன்னு பாத்ததும் நான் போறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். சாயந்தரம் திரும்ப ஏறணும்.

— அப்ப சுருக்காச் சொல்லுங்கோ. செல்வராசா வியாழக்கிழமை செத்தவர். வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தது. சனிக்கிழமை ஒரு படம் வந்தது. அவற்றை நம்பரிலையிருந்து. செத்த மனிசன் படம் அனுப்புமோ? அதுக்குக் கீழை எழுத்து வேறை. எனக்கு வேண்டியது ஒண்டுதான். அந்தப் போனை வைச்சிருந்தது ஆர்? பொம்பிளையோ?

— பொம்பளையா! ஐயோ முருகா. நான்தாங்க்கா.

— அப்பிடித்தான் சொல்லுவியள். இந்தப் படத்தைப் பாருங்கோ. ரெட்டைக் கோபுரத்துக்கு முன்னாலை நிக்கிறார். மேல் மூலையிலை என்ன தெரியுது?

— குடை.

— பூப்போட்ட குடை. ரோசாப்பூ. ஆம்பிளையள் பிடிக்கிற குடையோ உது?

— அது என் சம்சாரம் வாங்குனது. பயணிங்களுக்குன்னு வேன்லயே கிடக்கும். அன்னிக்கு நல்ல வெயில். ஒரு கையில குடை, ஒரு கையில போன். அவருக்கும் சேத்துப் பிடிச்சேன்.

— உங்கடை சம்சாரமும் கூட வந்தவவோ?

— அவ ஸ்கூல் டீச்சர்க்கா. திங்கக்கிழமை எப்படி வருவா?

— திங்கக்கிழமையோ? இது புதன்கிழமை வந்த படம்.

— எல்லாப் படமும் திங்கக்கிழமை எடுத்ததுதாங்க்கா. ஒரே நாள்ல.

— அதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணும் எண்டில்லை. கன்னத்தைப் பாருங்கோ. பிளேனுக்கு வெளிக்கிடேக்கை அவதியிலை சவரம் எடுத்து வெட்டினவர். எந்தப் படத்தை எடுத்தாலும் அந்தக் காயம் ஒரே சிவப்பு. ஒரு கிழமைக்குக் காயாத காயமோ? சேட்டுகளைப் பாருங்கோ. நான் மடிச்சு வைச்ச மடிப்பு நெஞ்சிலை அப்பிடியே நிக்குது.

— வேன்லயேதான் மாத்துனாரு. நான் பாவம் வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்குவேன். ஒரு தடவை அரண்மனை வாசல்ல பனியனோட இறங்கிட்டாரு. குதிரை மேல இருந்த காவக்காரன் ஒரு மாதிரி பாத்தான்.

— சிரிக்காதையுங்கோ.

— சிரிக்கலக்கா.

— உங்கடை முகத்திலை சிரிப்பு நிக்குது. நடவுங்கோ. ஒரே இடத்திலை நிண்டால் றஞ்சித் வந்திடுவான். கபோச் சந்தைப் பக்கம் போவம், அங்கையும் சனம்தான்.

— இது என்ன கட்டடம்க்கா? எவ்ளோ பெரிய தூண்.

— தியேத்தர். பாட்டுக் கச்சேரி நடக்கும்.

— உள்ள எப்படி இருக்கும்?

— எனக்கு என்னெண்டு தெரியும்? பின்னாலை ஒரு சிஞ்ஞோரா வீட்டிலை வேலை செய்யிறனான். அவவின்ரை பல்கனியாலை பாத்தால் இதின்ரை முதுகு தெரியும். அவ்வளவுதான். இவரும் அப்பிடித்தான். வேலை, வீடு, வேலை. இந்த ஊரிலை இருபத்தைஞ்சு வருசம் இருந்தும் ஒரு இடம் சுத்திப் பாக்காத மனிசன், ஒரு கிழமை ஊர் பாக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டு, கோலாலம்பூரிலை தனி வான் பிடிச்சு நிக்குதாம். ஆருக்குத்தான் சந்தேகம் வராது? சொல்லுங்கோ.

— அவரு எங்க பாத்தாரு? இறங்குவாரு, நிப்பாரு, "எடு தம்பி"ம்பாரு, எடுத்ததும் வேனுக்குள்ள போயிடுவாரு. கோபுரத்தைப் பத்தி நான் வழக்கமா பெருசாச் சொல்லுவேன், எத்தனை மாடி, யாரு கட்டுனாங்கன்னு. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. "இவ்வளவு கண்ணாடியையும் ஆர் தம்பி துடைக்கிறது?"

— அது அவர்தான்.

— கயித்துல தொங்கிக்கிட்டுத் துடைப்பாங்கன்னேன். மேல பாத்துக்கிட்டே நின்னாரு. அன்னிக்கு முழுசா அவரு பாத்தது அதை மட்டுந்தான்.

— பத்துமலைப் படத்திலை முகம் வெளிறிக் கிடக்கு. மேலை ஏத்தினீங்களோ அந்த மனிசனை?

— நான் ஏத்தலக்கா. வேணாம்னுதான் சொன்னேன். படியில நின்னா படம் நல்லா வரும், "என்ரை மனிசி இந்திரா கோயில் படம் கேப்பாள்"னு அவரே ஏறுனாரு. பாதி கூட ஏறல, உக்காந்துட்டாரு. மூச்சு வாங்குச்சு. கிளினிக் போலாமான்னு கேட்டேன். "சேட்டு வேர்த்துப் போச்சு, அடுத்ததைத் தா"ன்னாரு.

— கேட்டதோடை விட்டிட்டியள்.

— விட்டுட்டேன். அது என் மேல இருக்கு. நான் மறைக்கல.

— சரி. திங்கக்கிழமை எல்லாப் படமும் எடுத்தாச்சு. பிறகு?

— பிறகு ஏர்போர்ட். கொழும்புக்கு ராத்திரி பிளேன். போனை என் கையில குடுத்தாரு. பின் நம்பரும் சொன்னாரு. "ஒரு நாளைக்கு ஒரு படம் அனுப்பு. அடுத்த திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்"னாரு.

— தான் கொண்டு போனால் என்ன?

— கொண்டு போனா நீங்க கூப்பிடுவீங்க. கூப்பிட்டா எடுக்கணும். "வாயால பொய் சொல்ல எனக்கு வராது தம்பி, படம் எண்டால் சமாளிச்சுப்போடும்"னாரு.

— அகதியெண்டு அசீலோ எடுத்த ஆக்கள் ஊருக்குப் போகேலாது. குவெஸ்தூராப் பொலிசுக்குத் தெரிஞ்சால் இஞ்சை இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோவைப் பிடுங்கிப்போடுவாங்கள். அந்தப் பயத்திலைதானே ஒளிச்சவர்?

— அதையும் நான் கேட்டேன். "குவெஸ்தூராவைச் சமாளிக்கலாம். இந்திராவைச் சமாளிக்கேலாது"ன்னாரு.

— உங்களுக்கு எங்கடை கதை நல்லாத்தான் வருது.

— நாள் பூரா கேட்டேன்ல. அவரு கூடப் பொறந்த அக்கா வவுனியாவுல படுத்த படுக்கையாம். உங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சு வார்த்தை இல்லையாம். போறேன்னு சொன்னா வீடு ரெண்டாயிடும், சொல்லாமப் போனா மனசு ரெண்டாயிடும்னாரு. எது சின்னச் சேதமோ அதப் பாத்தேன்னாரு.

— மச்சாள் என்னை ஒரு சொல் சொன்னவ. நானும் ஒரு சொல் சொன்னனான். என்ன சொல் எண்டு இப்ப ரெண்டு பேருக்கும் நினைவிருக்குமோ தெரியாது. நில்லுங்கோ, இதிலை கால் வையாதையுங்கோ, மீன் கழுவின தண்ணி.

— நல்ல வேளை. இந்தச் சந்தையைப் பாத்தா எங்க ஊரு பசார் மாதிரியே இருக்கு. இவனும் பாட்டுப் பாடித்தான் விக்கிறான்.

— சந்தையை விடுங்கோ. எழுத்துக்கு வாங்கோ. படம் அனுப்பச் சொன்னவர், சரி. எழுதவும் சொன்னவரோ?

— இல்ல. எழுதவே கூடாதுன்னாரு. "நான் அவளுக்கு ஒரு நாளும் எழுதினதில்லை. எழுதினால் சந்தேகப்படுவாள்"னு ரெண்டு தடவை சொன்னாரு.

— அப்ப ஏன் எழுதினனீங்கள்? வெள்ளிக்கிழமை இரவு. "சாப்டாச்சா?" எண்டு வந்தது. கலியாணம் கட்டின நாளிலையிருந்து அந்த மனிசன் என்னை அப்பிடி ஒருக்காலும் கேட்டதில்லை. தேத்தண்ணி எங்கை எண்டு கேக்கும். நீ குடிச்சனியோ எண்டு கேக்காது. அதைக் கண்டவுடனை நான் முடிவெடுத்திட்டன், இது பொம்பிளைதான் எண்டு. ஆரோ ஒருத்தி இவற்றை போனை வைச்சுக்கொண்டு என்னோடை விளையாடுறாள் எண்டு. இவ்வளவு காலமும் அவளை எப்பிடிப் பேசவேணும் எண்டு மனசுக்குள்ளை பாடமாக்கி வைச்சிருக்கிறன். கடைசியிலை மீசையோடை ஒரு ஆள் வந்து நிக்கிறியள்.

— நான்தாங்க்கா எழுதுனேன். எங்க ஊர்ல அது ஒரு பெரிய கேள்வியே இல்ல. ரோட்டுல ஒருத்தரைப் பாத்தா வணக்கத்துக்குப் பதிலா இதத்தான் கேப்போம். சீனன், மலாய்க்காரன் எல்லாரும். ஆனா நான் அப்படிக் கேக்கல. நீங்க ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தீங்க.

— அதைக் கேட்டனீங்களோ?

— கேட்டேன்.

— முழுக்கவோ?

— ரெண்டு தடவை.

— தம்பி, அது ஒரு பொம்பிளை தன்ரை மனிசனுக்குச் சொன்னது.

— தெரியும்க்கா. அதான் இவ்ளோ தூரம் வந்தேன். வேலைக்குப் போகலன்னு சொன்னீங்க. பல்கனிக் கதவை அவரு திருத்தினது இன்னும் சத்தம் போடுதுன்னு சொன்னீங்க. அப்புறம், "நீங்கள் எங்கை நிண்டாலும் எனக்குக் கோவம் இல்லை, உங்கடை ஆக்களோடைதானே நிக்கிறியள்"னு சொன்னீங்க. ஸ்ரீலங்கா போனது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சோன்னு பயந்துட்டேன். ஆனா குரல் பயமுறுத்துற மாதிரி இல்ல. பட்டினி கிடக்குற குரல் மாதிரி இருந்துச்சு. கை தன்னால எழுதிடுச்சு.

— பிறகு ஏன் போனை நிப்பாட்டினனீங்கள்?

— ஞாயித்துக்கிழமை காலையில அடுத்த படத்தை அனுப்ப எடுத்தேன். அவரு போனுக்கே வந்து கிடக்கு, உங்க ஊரு தமிழாளுங்க குரூப்ல, கண்ணீர் அஞ்சலின்னு. அவரு படம். நான் எடுத்த படம்லாக்கா அது, பச்சைச் சட்டை. வேனை ஓரமா நிறுத்திட்டு போனை அணைச்சேன். இறந்தவரு போன் என் கையில இருக்கு, போலீஸ் கேட்டா என்ன சொல்லுவேன்? பயந்து பூட்டி வச்சுட்டேன். இந்தாங்க. வாங்கிக்குங்க.

— கீறல் விழுந்திருக்கு.

— குடுக்கும்போதே இருந்துச்சுக்கா.

— ஓம். இது பழசு.

— நீங்க என்னை என்ன வேணாத் திட்டுங்க. றஞ்சித்தைக் கூப்பிடுங்க. வேற பொம்பளை யாரும் இல்ல, அது சத்தியம். ஆனா நான் செஞ்சது தப்பு. அவரு போய்ச் சேந்தது தெரியாம ரெண்டு நாள் உங்களுக்குப் படம் அனுப்பி, பதில் போட்டு... ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தெரிய வந்தப்போ எப்படி இருந்திருக்கும்? அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வராது.

— ஞாயிற்றுக்கிழமை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

— அன்னிக்குத்தானே அஞ்சலி வந்துச்சு?

— அது றஞ்சித் போட்டது. அவனுக்கு வவுனியாவிலையிருந்து கதை வந்திட்டுது, படம் ஒண்டு தா எண்டு வந்து நிண்டான், வெள்ளிக்கிழமை வந்ததைக் குடுத்தன். எனக்கு வியாழக்கிழமை இரவே தெரியும். மச்சாள் எடுத்தவ. இத்தனை வருசத்துக்குப் பிறகு முதல்தரம் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. உடனை விளங்கிட்டுது.

— வியாழனா? அப்ப வெள்ளிக்கிழமை அந்த வாய்ஸ்...

— விடியுமட்டும் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தன். வேலைக்குப் போற நேரம் போன் சத்தம் போட்டுது. எடுத்துப் பாத்தால், செத்த மனிசன் பச்சைச் சேட்டோடை சிரிச்சுக்கொண்டு நிக்குது. நான் என்ன செய்ய? கதைச்சன்.

— யாருகிட்டயும் சொல்லலையாக்கா? இந்த றஞ்சித்துகிட்டக் கூட?

— ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் படம் வாறது நிண்டுடும்.

— அப்ப நான் கேட்டப்போ, எழுதுறது அவரு இல்லன்னு தெரிஞ்சேதான் பதில் போட்டீங்களா? "ஓம், சாப்பிட்டன்"னு போட்டீங்களே!

— தெரிஞ்சுதான் போட்டனான். ஆனால் அண்டைக்கு நான் சாப்பிடேல்லை, தம்பி.