சுகவீனம் என்று நான் எழுதிய வரி

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் சிவசுப்பிரமணியம் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு இந்த வாசிகசாலை முன்றலுக்கு வந்திருக்கும் தாய்மாரே! மூன்று வருடங்களுக்கு முன் வீடு வாசல் விட்டு வந்து, இன்று எங்கள் ஊரின் சரிபாதியாகிவிட்ட உறவுகளே! வருகிற சனிக்கிழமை முதற்பிரிவின் வாசலில் நிற்கப்போகும் எங்கள் வளர்பிறை விளையாட்டுக் கழகத்தின் வீரர்களே! மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி, உள்ளே வருவதா விடுவதா என்று நிற்கிறவர்களே! ஆம், உங்களையும் சேர்த்துத்தான். எல்லோர்க்கும் என் தாழ்மையான வணக்கம்.

என்ன? பெலத்துக் கதைக்கட்டோ? ஓம், கதைக்கிறன். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் இல்லை. எனக்கு அதைவிடக் குறைவு. முப்பது வருடமாக இந்தக் கழகத்தின் மேடைகளில் கதிரை அடுக்கியிருக்கிறேன், கூட்ட அறிக்கை எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோட்டோரம் இருந்து புள்ளிப் புத்தகம் எழுதியிருக்கிறேன். பேசியதில்லை. பேசச் சொன்ன போதெல்லாம் தொண்டை கட்டிவிட்டது என்று தப்பியிருக்கிறேன். இன்றும் அப்படித் தப்பத்தான் நினைத்தேன். தலைவர் விடவில்லை. “மாஸ்டர், உங்களிட்டைத்தான் கணக்கு இருக்கு. அண்டைக்கு இருந்த அணி திறமோ, இண்டைக்கு இருக்கிற அணி திறமோ? நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லோணும்” என்றார்.

தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்தக் கேள்வியோடுதான் இரண்டு நாளாக என் புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்டத்தான் தெரிந்தது, நான் சொல்ல வேண்டியது தீர்ப்பு அல்ல என்று. அது என்னவென்று முடிவில் சொல்கிறேன்.

முதலில் 1964. எங்கள் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து முதற்பிரிவுக்கு ஏற ஓர் ஆட்டமே மிச்சமிருந்த வருடம். ஒன்பது ஆட்டங்கள். அடித்த கோல்கள் இருபத்து மூன்று. வாங்கியவை நான்கு. பதினொருவரும் இந்த ஊரின் மூன்றே ஒழுங்கைகளைச் சேர்ந்தவர்கள். பந்து மாட்டுத்தோல், மழை பட்டால் பூசணிக்காய் கனம். சப்பாத்து ஐந்து பேருக்குத்தான் இருந்தது, மற்றவர்கள் வெறுங்காலால் உதைத்தார்கள். உதைத்த உதையில் எதிரணியின் சப்பாத்துக்கள் பின்வாங்கின! இடது ஓரத்தில் ஓடிய நாகலிங்கம், இதோ முன்வரிசையில் வெற்றிலையோடு இருக்கிறாரே, அவர் ஓடினால் புழுதிதான் தெரியும், ஆள் தெரியாது.

ஓம் நாகலிங்கம், சிரியும், சிரியும். திறந்து கிடந்த கோலுக்கு மேலால் நீர் அடித்து, பந்து புகையிலைத் தோட்டத்துக்குள் விழுந்ததும் இதில் எழுதியிருக்கு. வாசிக்கட்டோ? வேண்டாமோ? சரி, விடுவம்.

இப்போது 1993. அதே இரண்டாம் பிரிவு. அதே ஒன்பது ஆட்டங்கள். அதே கடைசிப் படி. அடித்தவை பதினான்குதான். பதினொருவரும் ஏழு ஊர்களைச் சேர்ந்தவர்கள். லொறி இல்லை, பெற்றோல் இல்லை. ஒரு சைக்கிளில் இருவராக ஏறி, மாறி மாறி மிதித்து, மிதித்த கால்களோடேயே ஆடி, ஆடிய கால்களோடேயே மிதித்துத் திரும்பியவர்கள். இந்தப் பருவம் முழுதுக்கும் ஒரே பந்து. அதன் தையல் எத்தனை முறை விட்டது என்றும் குறித்திருக்கிறேன்: ஆறு.

சண்டிலிப்பாயில் நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். பாதிப் பேர். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டாம் பாதியில் பந்து கோட்டுக்கு வெளியே போகிறது. எறிதல் எவருக்கு என்று மத்தியஸ்தர் கையைத் தூக்குமுன்னர் வானத்தில் பொம்மர் இரைகிறது. இருபத்திரண்டு பேரும், மத்தியஸ்தரும், நானும் மைதானத்தோரப் பங்கர்க் குழிக்குள். இருட்டு, மூச்சு, முழங்கால்கள். மேலே குண்டுபோட வந்தவன் சுற்றுகிறான். கீழே எங்கள் பந்துக்காப்பாளர் கனிசியஸ், மயிலிட்டியில் கடலை விட்டு இடம்பெயர்ந்து வந்த பிள்ளை, மெல்லச் சொல்கிறார்:

“றெபரி, பந்து எங்கடை ஆளிலை பட்டுத்தான் வெளியிலை போனது. எறிதல் அவைக்குத்தான்.”

எங்கள் அணித்தலைவர் குகதாசனுக்கு வந்த கோபம்! “டேய், வாயைப் பொத்தடா! பொம்மர் தலைக்கு மேலை சுத்துது, உனக்கு இப்ப நியாயமோ கேக்குது?”

“பொம்மர் போனாப் பிறகு மறந்துபோடுவன் அண்ணை. அதுதான் இப்பவே சொன்னனான்.”

சிரியுங்கள், அவையோரே, நன்றாகச் சிரியுங்கள். நானும் அந்தப் பங்கருக்குள் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் நான் இன்று தொண்டையைச் சாட்டாமல் வந்தேன்.

இரண்டு அணிகளையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். முன்வரிசை ஒத்துவரவில்லை. நடுவரிசை ஒத்துவரவில்லை. ஒரேயொரு எண் ஒத்துவந்தது. 1964இல் ஒன்பது ஆட்டங்களில் நாம் வாங்கியது நான்கு. 1993இல் ஒன்பது ஆட்டங்களில் வாங்கியதும் நான்கு! அன்றும் கடைசி ஆட்டத்தில் சமநிலை போதும். இன்றும் சமநிலை போதும்! எவர் கொண்டுவந்தார் எங்களை இத்தனை தூரம்? இரண்டு சோடிக் கைகள் அல்லவா? அடுத்தவன் அடிக்க அடிக்க அணைத்துப் பிடித்த கைகள் அல்லவா? இன்று அந்தக் கைகள் கனிசியஸுடையவை. அன்று எவருடையவை?

நாகலிங்கம் தலையைக் குனிகிறார். இளையவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஏதோ ஒரு பட்டப்பெயரை முணுமுணுப்பதும் எனக்குக் கேட்கிறது. ‘காய்ச்சல் சோமர்’. அதுதானே? பெரிய ஆட்டத்தன்று பயத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டவர். அதுதானே இந்த ஊரில் இருபத்தொன்பது வருடமாக உலாவும் கதை?

இந்தப் புத்தகம் 1964ஆம் ஆண்டின் கூட்ட அறிக்கை. அன்றைய செயலாளர் நான். கையெழுத்து என்னுடையது. கடைசி ஆட்டத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்தின் ஏழாவது வரியை வாசிக்கிறேன்: “பந்துக்காப்பாளர் சோமசேகரம் சுகவீனம் காரணமாகச் சமூகமளிக்கவில்லை.”

அவையோரே, தாய்மாரே, இது பொய்.

சோமசேகரத்துக்குக் காய்ச்சல் இல்லை, தடிமன்கூட இல்லை. நடந்தது இதுதான். வடக்குத் தோட்டக் கிணறு பல பங்காளருடைய கிணறு. எந்தத் தோட்டத்துக்கு எந்த நாள் இறைப்பு என்று முறை உண்டு. சண்டை வராமலிருக்க அந்த முறைக்கு அட்டவணை எழுதியவன் நான். வெள்ளிப் பின்னேரம் என் முறை. சனிப் பின்னேரம் சோமசேகரத்தின் முறை. கடைசி ஆட்டமும் சனிப் பின்னேரம். அவருடைய தகப்பனார் அப்போது படுக்கையில். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. முறையை விட்டால் அடுத்த தண்ணீர் ஏழு நாளைக்குப் பிறகு. நட்டுப் பத்து நாளான புகையிலைக் கன்று அதுவரை நிற்குமா?

வியாழன் காலையில் என் படலையடிக்கு வந்தார். “மாஸ்டர், உங்கடை வெள்ளி முறையை எனக்குத் தாருங்கோ. என்ரை சனியை நீங்கள் எடுங்கோ. இந்த ஒருக்காத்தான்.”

நான் என்ன சொன்னேன்? “இஞ்சை பாரும் சோமசேகரம், அட்டவணை போட்டது நான். நானே அதை மாத்தினால் மற்றவை என்ன செய்வினம்?”

“அப்ப கோலுக்கை ஆர் மாஸ்டர் நிக்கிறது?”

“பதில் ஆள் இருக்குத்தானே.”

“சரி மாஸ்டர்” என்றார். படலையைச் சாத்திவிட்டுப் போனார். சனிக்கிழமை ஊரே லொறியில் பட்டணம் போக, அவர் கிணற்றுத் துலாவில் நின்று தண்ணீர் இறைத்தார். நாங்கள் இரண்டுக்கு ஒன்று தோற்றோம். இரண்டாவது கோல், முழங்கால் உயரத்தில் மெல்ல வந்த பந்து. சோமசேகரம் ஒற்றைக் கையால் பிடித்திருப்பார்.

திரும்பிவந்து எல்லோரும் கேட்டார்கள், “ஏன் அவன் வரேல்லை?” அவரிடம் கேட்டவர்களுக்கு அவர் சொன்னது, “மாஸ்டரைக் கேளுங்கோ.” அவ்வளவு நம்பிக்கை என்மேல். என்னிடம் கேட்டார்கள். நாகலிங்கம், நீரும் கேட்டீர். உண்மையைச் சொன்னால் ஊர் என்னைக் கேட்கும் என்று பயந்தேன். “சுகமில்லையாம்” என்றேன். சொன்ன பொய்யைப் புத்தகத்திலும் எழுதினேன். எழுதப்பட்டபடியால் அது உண்மையாயிற்று. ஒரு மனிதன் அதற்குப் பிறகு மைதானத்தின் பக்கமே வராமற் போனான். அவர் மனைவி பராசக்தி சந்தைக்குப் போனால், “இவருக்குக் காய்ச்சல் எப்பிடி?” என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் பக்கத்தில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். அவையோரே, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தலைக்கு மேலே பொம்மர் சுற்றும்போது, தன் அணிக்குத் தீமையான ஓர் உண்மையைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய் வந்தது. தலைக்கு மேலே ஒரு காகம்கூட இல்லாதபோது எனக்கு வரவில்லை.

தலைவர் அவர்களே, ஒழுங்குப்படி கேட்கிறேன். கூட்ட அறிக்கையைத் திருத்த ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். ‘சுகவீனம் காரணமாக’ என்பதை நீக்கி, ‘முறையை மாற்றித் தரும்படி கேட்டும் செயலாளர் மறுத்தபடியால்’ என்று திருத்துமாறு நான் முன்மொழிகிறேன்.

வழிமொழிபவர் எவர்?

நாகலிங்கம் எழும்புகிறார். அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்த நாகலிங்கம்! என்ன சொல்லுறீர்? “வழிமொழியிறன். கெதியா வெட்டுங்கோ மாஸ்டர், பேனை இல்லாட்டி நான் தாறன்.” நன்றி. இதோ, எல்லோரும் பார்க்க வெட்டுகிறேன். கோடு நேராக வரவில்லை. வெட்டுப்பட்டது போதும்.

இனி இந்தச் சனிக்கிழமை. கனிசியஸ் இன்று வேலை செய்வது எவருடைய தோட்டத்தில்? சோமசேகரத்தின் தோட்டத்தில். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். அவருடைய தோள்மூட்டு இப்போது உயராது. இறைப்பு மிசின் இரண்டு மணித்தியாலத்தில் முடித்த வேலை, மண்ணெண்ணெய் இல்லாமல் மீண்டும் துலாவுக்கு வந்து ஒரு பின்னேரம் முழுதும் பிடிக்கிறது. முறை அதே சனிப் பின்னேரம். கனிசியஸை அன்றைக்கு விடும்படி குகதாசன் போய்க் கேட்டாராம். “வெங்காயம் கருகினால் நீயோ தருவாய்? என்னை அண்டைக்கு ஆர் விட்டவை?” என்று சொல்லி அனுப்பினாராம். அவர் கல்நெஞ்சர் என்கிறார்கள் சிலர். இல்லை, ஐயாமாரே! அவர் கேட்ட கேள்விக்கு இருபத்தொன்பது வருடமாக எவரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் இந்த மேடையில் நிற்கிறான்.

சோமசேகரம் அவர்களே! பத்திரிகை வாசிக்க வந்து மதிலோடு நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல் வணக்கத்திலேயே உங்களைத்தான் சொன்னேன். இன்று புதன்கிழமை. என் வெள்ளி முறையை எடுங்கள். உங்கள் சனியை எனக்குத் தாருங்கள். இந்த ஒருமுறை அல்ல, நீங்கள் கேட்கும்போதெல்லாம். என் மிளகாய்க் கன்று ஒரு நாள் பிந்தினால் வாடும், சாகாது. 1964இலும் அது எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளி கனிசியஸ் இறைக்கட்டும், சனி காக்கட்டும். தோள் நோகாதோ, கனிசியஸ்? என்ன? “மயிலிட்டியிலை வலை இழுத்த தோள் மாஸ்டர், துலா என்ன செய்யும்” என்கிறாய். நல்லது.

அமைதியாக இருங்கள். சோமசேகரம் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வருகிறார். வழி விடுங்கள். ஏதோ சொல்கிறார். எனக்கும் காது மந்தம்.

“வெள்ளி மத்தியானம் ரெண்டு மணிக்கு வாய்க்கால் என்ரை பக்கம் திறந்திருக்கோணும், மாஸ்டர். நீங்கள் பிந்தினால் நான் பேச்சுக் கேக்க மாட்டன்.”

ஒன்றே முக்காலுக்கு நிற்பேன்!

இன்னும் ஏதோ கேட்கிறார். “அப்ப சனி மட்ச்சுக்கு நீங்கள்?”

நான் வடக்குத் தோட்டத்தில் நிற்பேன், சோமசேகரம். என் மருமகன் துலா இழுப்பார், நான் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவேன். முப்பது வருடத்தில் நான் காணாத முதல் ஆட்டம் அதுவாக இருக்கும். பட்டணத்தில் எழும் ஆரவாரம் அந்தத் தோட்டம்வரை கேட்காது. கேட்காத இடத்தில் நிற்பது எப்படி என்று அறிய ஒரு பின்னேரம் எனக்குப் போதாது. ஆனாலும் நிற்பேன்.

அன்றைய அணி திறமோ, இன்றைய அணி திறமோ? தலைவர் கேட்டதற்கு இதுதான் என் விடை. ஆடியவர்களில் குறைவில்லை. அன்று குறைவு, கோட்டுக்கு வெளியே நின்ற எங்களில்தான்! பந்தைப் பிடிக்கும் கைக்குப் பின்னால், முறையை விட்டுக்கொடுக்கும் கை ஒன்று வேண்டும். அன்று அது இல்லை. இன்று இருக்கிறது! அதனால் இன்றைய அணி, என் புத்தகத்தில், ஏற்கெனவே ஒரு படி ஏறிவிட்டது!

இந்தாருங்கள், சோமசேகரம், புள்ளிப் புத்தகம். சனிக்கிழமை கோட்டோரம் என் கதிரையில் இருந்து நீங்கள் எழுதுங்கள். கோல்களை நேரத்தோடு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், பந்துக்காப்பாளர் என்ற இடத்தில், உங்கள் கையெழுத்தில், இப்படி எழுதுங்கள்: “கனிசியஸ். சமூகமளித்தார்.”

நடுங்கிய குரலைப் பொறுமையோடு கேட்ட தலைவர்க்கும், பெரியோர்க்கும், தாய்மார்க்கும், மதிலைத் தாண்டி உள்ளே வந்தவருக்கும் நன்றி. வீரர்களே, சனிக்கிழமை போய்வாருங்கள். திரும்பும் வழியில் வடக்குத் தோட்டத்தடியில் சைக்கிள்களை நிறுத்தி, முடிவை எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வணக்கம்.