மேல்படித் தூண்

ஒன்றைப் போல இன்னொன்று கடைவது பெரிய வித்தையில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மெதுவாகவே சொல்கிறேன், மொழிபெயர்க்கிற அம்மாவுக்கும் வசதியாக இருக்கும். ஸ்காபரோவில் ஒரு தளபாடப் பட்டறையில் எனக்கு மரம் கடைகிற லேத் வேலை. மாதிரியின் மேடு பள்ளங்களை ஒரு கம்பில் குறித்து, கலிப்பரால் இடத்துக்கு இடம் அளந்து கடைவேன். நாலு மேசைக்காலில் எது மாதிரி, எது என் கைவேலை என்று முதலாளிக்கே தெரியாது.

என் தங்கச்சி கோணேஸ்வரியின் புருசன் செல்வரட்ணம் எண்பத்தாறில் மோர்னிங்சைட்டில் வீடு வாங்கினார். எனக்குக் கீழறை தந்து சோறும் போட்டார்; அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மனுசனோடு ஒரே மேசையில் இருந்து பாருங்கள். சோறு பிசைந்த கையால் குழம்புச் சட்டிக்குள் துழாவுவார். அரிசி கழுவுகிற தொட்டிக்குள் காறித் துப்புவார். பல்செட்டைக் கழற்றி என் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டுச் சிரிப்பார். தங்கச்சி எல்லாவற்றையும் கழுவி வைப்பாள். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு கீழறைக்குப் போய்விடுவேன். இரண்டு வருடம் பொறுத்தேன்.

மாடிப்படியின் மேல்தூண் வெடித்திருந்தது. கைபிடி அதில்தான் நிற்கும். காலையில் செல்வரட்ணம் அதில் முழுப் பாரத்தையும் சாய்த்து, கீழே எட்டிப் பார்த்து, தேத்தண்ணி என்று கத்துவார். கீழ்த்தூணைப் போலவே ஒன்று கடைந்து தரச் சொன்னார். கடைந்தேன். அடியில் துளைத்து நடுமரத்தை எடுத்து, துளையின் வாயை மூடி, வார்னிஷ் பூசிப் பொருத்தினேன். வெளியே மயிரிழை வித்தியாசமில்லை.

அந்தக் கிழமை பார்த்து அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய காப்பு தூணில் பட்டிருக்கிறது.

"அண்ணை, கீழ்த்தூண் கிண்ணெண்டு கேக்குது. உது மட்டும் பொக்கெண்டு கேக்குது. ரெண்டும் ஒரே மரமோ?"

எனக்குச் சுருக்கென்றது. பயமில்லை, ஐயா. என் கைவேலையில் முதலாளிகூடக் காணாத வித்தியாசத்தை இவள் கண்டுவிட்டாளே என்ற எரிச்சல்.

"ஓம், ஒரே மரந்தான். ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை."

"நீங்கள் சொன்னாச் சரி, அண்ணை."

அடுத்தநாள், அவர் வாந்தியெடுத்த படுக்கைத் துணிகளைக் கூடையில் சுமந்து வந்தவள், மூச்சு வாங்கத் தூணில் இடுப்பைச் சாய்த்திருக்கிறாள். கைபிடியோடு கீழே வந்து விழுந்தாள். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். செத்தவீட்டில்கூட அந்த மனுசன் காறிக்கொண்டுதான் இருந்தார்.

முறிந்த தூண் உங்கள் மேசையில் கிடக்கிறது. வெளிப்புறத்தை ஒருமுறை அளந்து பாருங்கள், கீழ்த்தூணின் அளவு அப்படியே இருக்கும். குடைந்தது நான்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தங்கச்சியைக் கொன்றது அவருடைய ஊத்தை. அதையும் எழுதுங்கள்.