இரண்டு தாவீது

– முன்வாசலுக்குப் போகாத. அங்கேயே, கொல்லையிலயே நில்லு.

– அக்கா, நான்தான்க்கா. பகலவன். உன் தம்பி.

– என் தம்பியை அரசலாத்தங்கரையில எரிச்சு ஆறு மாசம் ஆச்சு. கருமாதியும் முடிஞ்சுது. காரியம் முடிஞ்சவன் திரும்பி வந்தா முன்வாசல் மிதிக்கக் கூடாது.

– நீங்க எரிச்சது என்னை இல்ல. பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?

– சீல் வச்சு வந்துச்சு. திறக்கக் கூடாதுன்னாங்க. உன் பாஸ்போர்ட்டைக் கையில குடுத்தாங்க.

– அது என் ஜெர்கின்ல இருந்துச்சு. மலைப்பாதையில ஒரே பனி. வேன்ல பக்கத்து சீட்டுப் பையன் வெடவெடன்னு நடுங்கினான். தமிழ்ப் பையன்தான். பாவமேன்னு கழட்டிக் குடுத்தேன். பேருகூடக் கேக்கல. அப்புறம் வேன் உருண்டு, அவன் அங்கேயே செத்துட்டான். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப சித்திரை பொறந்துருச்சு.

– ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்ல?

– வைகாசியில போட்டேன். அம்மாதான் எடுத்துச்சு. "எம்புள்ள வீட்லதான் இருக்கான்"னுட்டு வச்சிருச்சு. துக்கத்துல பேசுதுன்னு நெனச்சேன்.

– குரல் உன்னுதுதான். ஆனா குரலை நம்ப மாட்டேன். ஜார்ஜியாவுல டாக்டருக்குப் படிக்கையில வீடியோ கால்ல ஒரு ராஜா கதை சொன்னியே, பாதியில டவர் போச்சே. அதை மொதல்லேருந்து முழுசாச் சொல்லு.

– உச்சி வெயில்ல நிக்க வச்சுக் கதை கேக்குறியேக்கா!

– சொன்னாத்தான்டா எனக்குத் தெரியும்.

– அந்த ஊரு ராணிக்கு மகன் பேரு தாவீது. செத்துப்போன அண்ணன் மகன் பேரும் தாவீது. எம்மகன்தான் ராஜான்னு, அண்ணன் மகனை தன் மகளைக் கட்டின சுல்தான்கிட்ட தள்ளிவிட்டுச் சிறையில போட வச்சா. பாம்புக் குழியில எறக்குனாங்கன்னுகூடச் சொல்வாங்க. அவன் செத்துட்டான்னே ஊரு நம்பிருச்சு.

– இதுவரைக்கும் சொன்ன. அப்புறம்?

– மங்கோலியர் வந்து அவனை வெளிய எடுத்தாங்க. அப்ப நாடே அவங்க கைக்குள்ள. யாரு ராஜான்னு அவங்க பெரிய ராஜா கான்தான் சொல்லணும். ரெண்டு தாவீதும் அவ்ளோ தூரம் போய், வருஷக்கணக்கா அவன் வாசல்லயே கெடந்தாங்க. கடைசியில ரெண்டு பேருமே ராஜான்னுட்டான். பெரியவன் மேல, சின்னவன் கீழ.

– நீதான்டா. ஐயோ, நீயேதான்டா! உன்னைக் கட்டிப்பிடிச்சு அழணும்போல இருக்கு.

– அப்ப கதவைத் திற. வடை வாசம் வருது. இன்னைக்கு ஆடி அமாவாசைல்ல? எனக்கா படையல்?

– மாசாமாசம் போடுது அம்மா. எலையைப் போட்டு, கதவைச் சாத்திட்டு, "பகலவா, வந்து சாப்பிடுப்பா"ன்னு மூணு தடவை கூப்பிடும்.

– அந்தப் பையனை என் பேரு சொல்லியா கூப்பிட்டீங்க?

– எங்களுக்கு என்னடா தெரியும்? உன் பேரு சொல்லித்தான் கொள்ளி வச்சோம். உன் பேரு சொல்லித்தான் பால் தெளிச்சோம். அவன் அந்தப் பேருக்கே வர ஆரம்பிச்சுட்டான்.

– யாரு வர்றான்? என்னக்கா உளர்ற?

– மொத அமாவாசைக்குச் சோத்துல வெரல் தடம் மட்டும் இருந்துச்சு. மூணாவதுக்கு எலை காலி. இப்ப அம்மாவோட பேசிக்கிட்டே சாப்பிடுறான். ரசத்துக்குக் குழி பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான்.

– அக்கா, கதவைத் திற. நான் உள்ள வரணும்.

– ஒரு எலைதான்டா போட்டிருக்கு. சாப்பிட உக்காந்தவனை எப்படி எழுப்புறது? அந்தக் கான் மாதிரி ரெண்டு பேரும் இருங்கன்னு சொல்ல நான் யாரு? இந்த வீட்ல அம்மா சொல்றதுதான்.

– அம்மாவே சொல்லட்டும். அம்மா! அம்மோவ்! நான் வந்துட்டேம்மா!

– கத்தாதடா.

– என்னக்கா, எங்குரல் அதுக்குக் கேக்கலையா?

– நீ வேலிப் படலைத் திறக்குறப்பவே கேட்டுருச்சு. அதுதான் என்னை அனுப்பித் தாழ்ப்பாள் போடச் சொல்லிச்சு.