காலுக்குக் கேட்காத தாளம்

பிரசங்கத்துல இதுக்கு மேல அறிவுரை சொன்னா பாதிப் பேர் தூங்கிடுவீங்க. அதனால ஒரு அண்ணன் தங்கச்சிக்கு நடந்ததச் சொல்றேன். சின்னக் கதைதான். பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க... வாங்க, இடம் இருக்கு.

தூத்துக்குடியில கிளாட்வின்னு ஒரு பையன். பகல்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. வீட்டுக்கு வந்தா படுக்கையறை மூலையில ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன். அதுலயே டிரம்ஸ் அடியெல்லாம் சேர்த்து, டான்ஸ் ஆடுறவங்களுக்கு பீட் போட்டுக் குடுப்பான்.

அவன் தங்கச்சி டெல்சி. சின்னப் பிள்ளையில மூளைக்காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போச்சு. ஆனா டெல்சி டான்ஸ் ஆடுவா! எப்படி? காது கேட்காதவ எப்படி ஆடுவா? ... காலால கேப்பா. வெறுங்காலோட பலகை மேடையில நிப்பா. ஸ்பீக்கர்ல 'டம்'முன்னு அடி விழுந்தா பலகை அதிரும். அந்த அதிர்வு பாதத்துல ஏறும். அவளுக்கு அதுதான் தாளம்.

மாவட்டப் போட்டி வந்துச்சு. அஞ்சு பொண்ணுங்க, நடுவுல டெல்சி. ஆட்டத்துல ஒரு இடத்துல பாட்டு சுத்தமா நிக்கும். அமைதி... டெல்சி முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பா. அப்புறம் ஒரே ஒரு அடி. அந்த அடியில அவ அப்படியே பின்னாடி சாயணும். மத்த நாலு பேரும் சுத்தி வந்து அவளத் தாங்கணும். முந்தினா? பின்னாடி யாருமே இருக்க மாட்டாங்க!

போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி, குழுவோட தலைவி ஷைனி ஓடி வர்றா. "அண்ணே, நம்மகூடப் போட்டியில ஆடுற இன்னொரு டீமோட பாட்டக் கேட்டீங்களா? நெஞ்சே அதிருது. நம்மது சவசவன்னு இருக்குண்ணே. மானம் போயிரும்!"

கிளாட்வின் அன்னிக்கு ராத்திரியே உக்காந்து பாட்டுல கம்ப்ரெஸர்னு ஒண்ணப் போட்டான். அது என்ன பண்ணும்? அவன்தான் எனக்கு விளக்குனான். பெரிய அடி விழும்போது அத அமுக்கிடும். எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்ததும், மொத்தத்தையும் தூக்கி விடலாம். சத்தம் கூடிரும். அளவாப் போட்டா நல்லது. இவன் பயத்துல அமுக்கு அமுக்குன்னு அமுக்கிட்டான். போன்ல போட்டுக் காட்டினான். ஷைனி துள்ளிக் குதிக்கிறா. "இதுதாண்ணே! இதுதான்!"

போட்டியன்னிக்குக் காலையில மேடையில ஒத்திகை. பாட்டு ஓடுது. டெல்சி முகம் சரியில்ல. காலை மாத்தி மாத்தி வைக்கிறா. அந்த இடம் வந்துச்சு. மத்தவங்க இன்னும் சுத்தி வரவே இல்ல... இவ சாய்ஞ்சுட்டா.

தொப்புன்னு பலகையில விழுந்தா. முழங்கை தோலு கிழிஞ்சு ரத்தம்.

கிளாட்வின் ஓடினான். "என்னாச்சு? ஏன் அவசரப்பட்ட?" சைகையிலதான் கேக்குறான். அவ அவன் கையப் பிடிச்சு இழுத்து, பலகை மேல அமுக்கி வச்சா. பாட்ட மறுபடி போடச் சொன்னா.

அவன் உள்ளங்கையில என்ன தெரிஞ்சுது? ஒரே நடுக்கம். மாவு மில்லுல நிக்கிற மாதிரி. பெரிய அடி எது, சின்ன அடி எது, ஒண்ணும் தெரியல. அமைதியா இருக்க வேண்டிய இடத்துலகூட, முந்தின அடியோட மிச்ச சொச்சமெல்லாம் மேல வந்து கிர்ருன்னு ஓடுது. அதத்தான் அடின்னு நினைச்சு அவ சாய்ஞ்சிருக்கா.

லேப்டாப்பத் திறந்தான். கம்ப்ரெஸரக் குறைச்சான். அடி முழுசா விழ வழி விட்டான். அமைதிய அமைதியாவே விட்டான்.

ஷைனிக்குக் கோவம். "சத்தம் குறைஞ்சிருச்சேண்ணே! எங்களக் கேவலப்படுத்தாதீங்க."

"அவ விழுந்ததப் பாத்தியா இல்லையா?" அவ்வளவுதான் கேட்டான்.

சவுண்டு சர்வீஸ்காரர்கிட்ட போனான். "அண்ணே, எங்க பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் ஏத்தி வைங்க."

"ஓரளவுக்குத்தான் ஏத்துவேன் தம்பி. அதுக்கு மேல கேக்காத."

சாயங்காலம். நெஞ்சதிர ஆடிட்டுப் போச்சு அந்த இன்னொரு டீம். அடுத்து இவங்க. பாட்டு ஆரம்பிக்குது... கூட்டத்துல ஒருத்தன் கத்துறான், "சவுண்டு! சவுண்டு வைய்யா!" விசில் வேற. கிளாட்வின் மேடையோரத்துல என் பக்கத்துல நிக்கிறான். தப்பு பண்ணிட்டமோ? காலையில விழுந்தவ மறுபடி விழுந்தா?

அந்த இடம் வந்துச்சு. பாட்டு நின்னுச்சு. டெல்சி முதுகைக் காட்டி நிக்கிறா. அசையல... அசையல... கத்துன கூட்டமே வாய மூடிடுச்சு...

டம்!

சாய்ஞ்சா. நாலு பேர் கையும் அங்க இருந்துச்சு.

"ஃபாதர், தாங்கிட்டாங்க!"ன்னு கிளாட்வின் என் தோளப் பிடிச்சு உலுக்கினான். பரிசா? முதல் பரிசு அந்தச் சத்தக்கார டீமுக்குத்தான் போச்சு. இவங்களுக்கு ரெண்டாவது. டெல்சி இறங்கி வந்து அண்ணன் முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சா. பசிக்குதுன்னு சைகை காட்டினா. பரோட்டா சாப்பிடப் போயிட்டாங்க.

ஏன் இதச் சொல்றேன்? போன வாரம் ஒரு அப்பா வந்து அழுதாரு. "ஃபாதர், நான் கத்திக் கத்திச் சொல்றேன், பையன் காதுலயே விழல." நான் கேட்டேன், செருப்ப ஒழுங்கா விடலன்னா எப்படிச் சொல்வீங்க? "கத்துவேன்." மார்க்கு குறைஞ்சா? "கத்துவேன்." பைக்க வேகமா ஓட்டாத, செத்துருவன்னு சொல்லணும்னா? "அதுக்கும் கத்தத்தான் செய்றேன் ஃபாதர்."

அய்யா, அம்மா, நம்ம வீட்டுலயும் இதுதான நடக்குது? செருப்புக்கும் அதே சத்தம், உயிருக்கும் அதே சத்தம். பிள்ளை எதுக்குன்னு நடுங்கும்? எது பெரிய விஷயம்னு அதுக்கு எப்படித் தெரியும்? பயத்துலதான் கத்துறோம், எனக்குத் தெரியும். ஆனா எல்லாத்தையும் உரக்கச் சொல்லிட்டா, சொல்ல வேண்டிய ஒண்ணு உள்ள அமுங்கிப் போகுதே!

இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. செருப்பு கோணலாக் கிடந்தா நீங்களே நேரா வச்சுட்டு உள்ள போங்க. டிவிய அணைங்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. அப்புறம் அந்த ஒண்ண மட்டும் சொல்லுங்க.